பின்லாந்து வான்படையில் புரூஸ்டர் பி-239

புரூஸ்டர் பி-239 என்பது அமெரிக்காவின் புரூஸ்டர் நிறுவனம் அந்நாட்டுக் கடற்படைக்காக வடிவமைத்த எஃப்2ஏ-1 சண்டை வானூர்தியின் ஏற்றுமதி வடிவமாகும். ஒற்றை இருக்கையும் ஒற்றைப் பொறியும் கொண்ட இவ்வானூர்தியைப் பின்லாந்து 1939 டிசம்பரில் வாங்க உடன்பட்டது. மொத்தம் 44 வானூர்திகள் வாங்கப்பட்டன. இவை 1941 முதல் 1944 வரை பின்லாந்து வான்படையின் முதன்மையான சண்டை வானூர்திகளுள் ஒன்றாக விளங்கின. 1948 வரை பறந்தன.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வானூர்திகள் ஆங்கிலேயரால் 'பஃபலோ' (எருமை) எனப் பெயரிடப்பட்டு மலாயா, சிங்கப்பூர், பர்மா ஆகிய இடங்களில் போரிட்டுப் பெரும் இழப்பைச் சந்தித்தன. மிட்வே தீவிலும் அவ்வாறே நேர்ந்தது. இதனால் இரண்டாம் உலகப் போரின் மோசமான சண்டை வானூர்திகளைப் பற்றிப் பேசும் நூல்களில் பஃபலோ தவறாமல் இடம்பெறுகிறது. பின்லாந்திலோ இதற்கு 'வானத்து முத்து' என்ற பொருளில் செல்லப்பெயர் வழங்கியது. ஒரே வானூர்தி ஓரிடத்தில் தோற்று மற்றோரிடத்தில் வென்றது எப்படி என்பதே இதன் வரலாற்றில் முதன்மையாக ஆராயப்படும் கேள்வியாகும்.

பின்னணி

1939 நவம்பர் 30 அன்று சோவியத் ஒன்றியம் பின்லாந்தின் மீது படையெடுத்தது. குளிர்காலப் போர் என அழைக்கப்படும் இப்போர் தொடங்கியபோது பின்லாந்திடம் இருந்த நவீன சண்டை வானூர்தி டச்சுத் தயாரிப்பான ஃபோக்கர் டி.21 மட்டுமே. அதன் சக்கரங்கள் பறக்கும்போது உள்ளிழுக்கப்படாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வேகமும் குறைவு. எண்ணிக்கையிலும் அவை மிகச் சிலவே. உள்நாட்டில் புதிய வகையை உருவாக்க நேரமில்லை. எனவே பின்லாந்து அரசு விற்க முன்வந்த எந்த நாட்டிடமிருந்தும் வானூர்திகளை வாங்கத் தொடங்கியது. இத்தாலியிலிருந்து ஃபியட் ஜி.50, பிரான்சிலிருந்து மொரான்-சோல்னியே எம்.எஸ்.406, பிரித்தானியாவிலிருந்து கிளாடியேட்டர், ஹரிக்கேன் எனப் பல நாட்டு வானூர்திகள் ஒரே படைக்குள் வந்து சேர்ந்தன.

அமெரிக்கா அப்போது நடுநிலை நாடு. பின்லாந்தின் மீது அமெரிக்க மக்களிடையே பெரும் பரிவு இருந்தபோதிலும் அரசு தன் படைக்கலங்களை நேரடியாகப் போரிடும் நாட்டுக்குக் கொடுக்க விரும்பவில்லை. இதற்கு ஒரு வழி கண்டறியப்பட்டது. அமெரிக்கக் கடற்படை 1938இல் 54 எஃப்2ஏ-1 வானூர்திகளுக்கு ஆணை வழங்கியிருந்தது. அவற்றுள் 11 மட்டுமே கடற்படையால் ஏற்கப்பட்டிருந்தன. எஞ்சியவற்றைக் கடற்படை விட்டுக்கொடுக்க, நிறுவனமே அவற்றைப் பின்லாந்துக்கு விற்றது. பதிலாகக் கடற்படைக்கு ஆற்றல் மிகுந்த பொறியுடன் கூடிய எஃப்2ஏ-2 வானூர்திகள் பின்னர் வழங்கப்பட்டன.

வானூர்தியின் தோற்றம்

நியூயார்க் நகரின் லாங் ஐலண்ட் சிட்டி பகுதியில் இயங்கிய புரூஸ்டர் நிறுவனம் குதிரை வண்டிகள் செய்த பழைய புரூஸ்டர் நிறுவனத்தின் வழிவந்தது. இதன் தலைமை வடிவமைப்பாளர் டேட்டன் பிரவுன் உருவாக்கிய முதல் மாதிரி 1937 டிசம்பரில் பறந்தது. அமெரிக்கக் கடற்படைப் பிரிவுகளில் சேர்ந்த முதல் ஒற்றைச் சிறகடுக்குச் சண்டை வானூர்தி இதுவே. அதற்குமுன் அப்படை இரட்டைச் சிறகடுக்கு வானூர்திகளையே பயன்படுத்தி வந்தது.

உருவத்தில் இது குட்டையாகவும் பருத்தும் காணப்படும். பின்லாந்து வீரர்கள் இதற்கு இட்ட பெயர்களுள் 'பறக்கும் பீர் போத்தல்' என்பதும் ஒன்று. வானூர்தி தாங்கிக் கப்பல்களில் இறங்கும்போது ஏற்படும் அதிர்ச்சியை இதன் சக்கரக் கால்கள் தாங்கவில்லை என்பது அமெரிக்கக் கடற்படை கண்ட பெருங்குறை. தரையிலுள்ள ஓடுதளங்களில் மட்டும் இறங்கிய பின்லாந்துக்கு இக்குறை பொருட்டாகவில்லை.

வந்து சேர்ந்த வழி

வானூர்திகள் பெட்டிகளில் அடைக்கப்பட்டு 1940இன் தொடக்க மாதங்களில் நியூயார்க்கிலிருந்து நார்வேயின் பெர்கன் துறைமுகத்துக்குக் கப்பலில் அனுப்பப்பட்டன. அங்கிருந்து தொடர்வண்டியில் சுவீடனின் டிரோல்ஹெத்தன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சாப் தொழிற்சாலையில் பாகங்கள் பொருத்தப்பட்டன. பின்லாந்து விமானிகள் அங்கு வந்து அவற்றைத் தாயகத்துக்கு ஓட்டிச் சென்றனர்.

முதல் வானூர்திகள் 1940 மார்ச் தொடக்கத்தில் பின்லாந்தை அடைந்தன. மார்ச் 13 அன்று குளிர்காலப் போர் முடிவுக்கு வந்தது. எந்தப் போருக்காக அவை அவசரமாக வாங்கப்பட்டனவோ அந்தப் போரில் ஒரு புரூஸ்டரும் சண்டையிடவில்லை. அமைதி உடன்படிக்கையின்படி பின்லாந்து வீபுரி நகரத்தையும் கரேலியாவின் பெரும்பகுதியையும் இழந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடிழந்து இடம்பெயர்ந்தனர். ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி நார்வேயைத் தாக்கியதால் அவ்வழியும் மூடப்பட்டது. அதற்குள் புரூஸ்டர்கள் கடலைக் கடந்திருந்தன.

தாமதமாக வந்ததிலும் ஒரு நன்மை இருந்தது. அடுத்த போர் தொடங்குவதற்கு ஓராண்டுக்கும் மேல் இடைவெளி கிடைத்தது. விமானிகள் இவ்வானூர்தியைப் பழகவும், பொறிவினைஞர்கள் அதன் குறைகளைக் களையவும் இக்காலம் பயன்பட்டது.

செய்யப்பட்ட மாற்றங்கள்

பி-239இல் கப்பல் தளத்தில் இறங்குவதற்கான கொக்கி, உயிர்காப்புப் படகு முதலிய கடற்படைக் கருவிகள் இல்லை. படைத்துறைப் பொறிக்கு மாற்றாக 950 குதிரைத்திறன் கொண்ட ரைட் சைக்குளோன் பொறியின் ஏற்றுமதி வடிவம் பொருத்தப்பட்டிருந்தது.

பின்லாந்தில் மேலும் சில மாற்றங்கள் செய்யப்பட்டன:

- விமானியின் முதுகுக்குப் பின்னே கவசத் தகடு கொண்ட இருக்கை பொருத்தப்பட்டது.
- அளவுக்கருவிகள் மெட்ரிக் முறைக்கு மாற்றப்பட்டன.
- உள்நாட்டில் தயாரான எதிரொளிப்புக் குறிநோக்கி இணைக்கப்பட்டது.
- தொடக்கத்தில் இருந்த ஒரு 7.62 மி.மீ. துப்பாக்கி நீக்கப்பட்டு, நான்கு துப்பாக்கிகளும் 12.7 மி.மீ. கனரக இயந்திரத் துப்பாக்கிகளாக ஆக்கப்பட்டன.

சைக்குளோன் பொறி சூடேறி எண்ணெயைக் கக்குவது எல்லா நாட்டுப் புரூஸ்டர்களிலும் காணப்பட்ட குறை. பின்லாந்துப் பொறிவினைஞர்கள் ஒவ்வோர் உருளையிலும் ஒரு பிஸ்டன் வளையத்தைத் தலைகீழாகப் பொருத்தி இதனைச் சரிசெய்தனர் என்று சொல்லப்படுகிறது. நாட்டின் குளிர்ந்த தட்பவெப்பமும் பொறியின் சூட்டைக் குறைக்கத் துணைநின்றது.

வானூர்திகளுக்கு பிடபிள்யூ-351 முதல் பிடபிள்யூ-394 வரை எண்கள் இடப்பட்டன. அவற்றின் சிறகுகளில் வெள்ளை வட்டத்துக்குள் நீல நிறச் சுவசுத்திக்கா வரையப்பட்டிருந்தது. இது 1918இல் சுவீடன் பிரபு எரிக் ஃபொன் ரோசன் பின்லாந்துக்குக் கொடுத்த முதல் வானூர்தியில் இருந்த குறியாகும். ஜெர்மனியில் நாட்சிக் கட்சி தோன்றுவதற்கு முன்பே பின்லாந்து வான்படை இதனை ஏற்றுக்கொண்டது. 1945இல் இக்குறி வானூர்திகளிலிருந்து நீக்கப்பட்டது.

போர்ப் பணி

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியது. ஜெர்மானியப் படைகள் பின்லாந்து மண்ணில் ஏற்கெனவே நிலைகொண்டிருந்தன. ஜூன் 25 அன்று சோவியத் வானூர்திகள் பின்லாந்து நகரங்களிலும் வானூர்தித் தளங்களிலும் குண்டு வீசின. அன்றே பின்லாந்து தான் போரில் இருப்பதாக அறிவித்தது. தொடர்ச்சிப் போர் எனப்படும் இரண்டாம் போர் இவ்வாறு தொடங்கியது.

அன்று காலை செலன்பா தளத்திலிருந்து எழுந்த இரண்டு புரூஸ்டர்கள் ஹெய்னோலா நகருக்கு அருகே 27 சோவியத் எஸ்.பி. வகைக் குண்டுவீச்சு வானூர்திகளை எதிர்கொண்டு ஐந்தை வீழ்த்தியதாக அறிவித்தன. அவற்றை ஓட்டியவர்கள் ஏரோ கின்னுனன், ஹெய்மோ லாம்பி ஆகிய இருவர்.

புரூஸ்டர்களைப் பெற்ற பிரிவு மேஜர் குஸ்தாவ் மக்னுசன் தலைமையிலான 24ஆம் வான்படைப் பிரிவு. குளிர்காலப் போரில் ஃபோக்கர்களை ஓட்டிப் பட்டறிவு பெற்ற விமானிகள் இதில் இருந்தனர். 1941 ஜூன் முதல் 1944 வசந்த காலம் வரை இப்பிரிவு புரூஸ்டர்களைக் கொண்டு 459 சோவியத் வானூர்திகளை வீழ்த்தியதாகக் கணக்குக் காட்டியது. சண்டையில் இழந்த புரூஸ்டர்கள் 15.

இக்கணக்கைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. வீழ்த்தப்பட்டவற்றின் எண்ணிக்கை விமானிகள் அளித்த அறிக்கைகளின் அடிப்படையில் அமைந்தது. எல்லா நாடுகளிலும் இத்தகைய அறிக்கைகள் எதிரியின் உண்மையான இழப்பைவிடக் கூடுதலாகவே இருந்தன. புகை கக்கியபடி தாழ்ந்து சென்ற வானூர்தி வீழ்ந்ததாக எண்ணப்பட்டாலும் அது தளம் திரும்பியிருக்கக்கூடும். ஒரே வானூர்தியை இருவர் தத்தம் கணக்கில் சேர்ப்பதும் உண்டு. ஆயினும் சொந்த இழப்பு 15 மட்டுமே என்பது பின்லாந்தின் சொந்தப் பதிவேடுகளிலிருந்து பெறப்படுவது. மூன்றாண்டுப் போரில் இது மிகக் குறைந்த எண்ணிக்கையாகும்.

புரூஸ்டரை ஓட்டியவர்களுள் 36 பேர் ஐந்துக்கும் மேற்பட்ட வான்வெற்றிகள் பெற்ற விமானிகள் வரிசையில் சேர்ந்தனர். அவர்களுள் ஹான்ஸ் விண்ட் தம் 75 வெற்றிகளில் 39ஐயும், இல்மாரி யூத்திலைனன் தம் 94 வெற்றிகளில் 34ஐயும் புரூஸ்டரில் பெற்றனர். நாட்டின் உயர்ந்த வீர விருதான மன்னர்ஹெய்ம் சிலுவை இருவருக்கும் இரண்டு முறை வழங்கப்பட்டது.

வெற்றிக்கான காரணங்கள்

பசிபிக், மலாயா அனுபவங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது பின்லாந்தின் வெற்றிக்கு நான்கு காரணங்கள் தெளிவாகின்றன.

எடை: பி-239இன் வெற்று எடை 1,700 கிலோகிராம் அளவிலேயே இருந்தது. மிட்வேயில் போரிட்ட எஃப்2ஏ-3இன் வெற்று எடை 2,100 கிலோகிராமுக்கும் மேல். கூடுதல் கவசம், எரிபொருள், கருவிகள் எனப் பின்னர் வந்த ஒவ்வொரு வடிவத்திலும் சுமை ஏறியது. சிறகின் பரப்பு மட்டும் மாறவில்லை. பாரம் கூடக்கூட வானூர்தி மேலே ஏறும் வேகமும் திரும்பும் திறனும் குறையும். 950 குதிரைத்திறனே கொண்டிருந்தும் பின்லாந்து புரூஸ்டர் தன் உடன்பிறப்புகளைவிடச் சுறுசுறுப்பாக இயங்கியதற்கு இதுவே காரணம்.

போர்முறை: 1930களில் பல நாட்டு வான்படைகள் மூன்று வானூர்திகள் அம்பு வடிவில் நெருங்கிப் பறக்கும் முறையைக் கையாண்டன. இதில் பின்னே வரும் இருவர் தலைவரோடு மோதாமல் இருப்பதிலேயே கவனம் செலுத்த வேண்டியிருக்கும். சுற்றிலும் பார்க்க இயலாது. பின்லாந்து வான்படை அப்பத்தாண்டின் நடுப்பகுதியிலேயே இருவர் கொண்ட இணையையும், இரண்டு இணைகள் சேர்ந்த நால்வர் குழுவையும் அடிப்படையாக ஏற்றுக்கொண்டது. வானூர்திகள் விலகிப் பறந்ததால் ஒருவர் முதுகை மற்றவர் காக்க முடிந்தது. உயரத்திலிருந்து பாய்ந்து, மிக அருகே சென்று சுட்டு, பெற்ற வேகத்தைக் கொண்டே மீண்டும் மேலேறுவது அவர்களது வழக்கம். குண்டுகள் குறைவாக இருந்த நாட்டில் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்குச் சிறப்பிடம் தரப்பட்டது.

எதிரி: 1941இல் சோவியத் வான்படையிடம் இருந்த ஐ-16, ஐ-153 வகைகள் வேகத்தில் புரூஸ்டரை எளிதாக விஞ்சவில்லை. பல குண்டுவீச்சு வானூர்திகள் காவல் வானூர்திகள் இன்றியே வந்தன. 1937-38 காலத்துக் களையெடுப்பில் சோவியத் படை தன் பட்டறிவு மிக்க தளபதிகள் பலரை இழந்திருந்தது. மலாயாவில் பஃபலோவை எதிர்த்ததோ சீனாவில் ஆண்டுக்கணக்கில் போரிட்டுத் தேர்ந்த ஜப்பானிய விமானிகள். அவர்களிடம் ஹயபுசா, சீரோ ஆகிய மிக இலகுவான வானூர்திகள் இருந்தன.

பராமரிப்பும் ஆயத்தமும்: பின்லாந்து தான் பெற்ற வானூர்திகளைப் பொறுமையாகச் செம்மைப்படுத்த நேரம் பெற்றது. மலாயாவில் இருந்த ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பிரிவுகளில் பல விமானிகள் பயிற்சிப் பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள். வெப்பத்தில் பொறிகள் சூடேறின. உயரே செல்லும்போது எரிபொருள் அழுத்தம் குறைந்ததால் விமானி ஒரு கையால் பம்பு அடித்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தது. எதிரி வருவதை முன்கூட்டியே தெரிவிக்கும் ஏற்பாடும் போதவில்லை. அங்கு 60க்கும் மேற்பட்ட பஃபலோக்கள் சண்டையில் வீழ்ந்தன. ஏறத்தாழ 40 தரையிலேயே அழிந்தன. தப்பிய சில டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கும் இந்தியாவுக்கும் சென்றன. மிட்வேயில் 1942 ஜூன் 4 அன்று எழுந்த 20 எஃப்2ஏ-3 வானூர்திகளுள் 13 திரும்பவில்லை.

இவ்வொப்பீட்டிலிருந்து பி-239 சிறந்த வானூர்தி என்ற முடிவுக்கு வர இயலாது. ஏறத்தாழ மணிக்கு 480 கிலோமீட்டர் என்ற அதன் வேகம் 1941இலேயே சாதாரணமானது. தன் குறைகளை அறிந்து, அவை வெளிப்படாத வகையில் பயன்படுத்தியவர்களின் கையில் அது கிடைத்தது என்பதே சரியான மதிப்பீடாகும். நான்கு மணி நேரத்துக்கும் மேல் பறக்கும் ஆற்றல், உறுதியான உடலமைப்பு, விசாலமான விமானியறை ஆகியவை அதன் உண்மையான நிறைகள்.

உதிரிப்பாகத் தட்டுப்பாடு

1941இல் பின்லாந்து ஜெர்மனியோடு சேர்ந்து போரிட்டதால் அதன் அரசியல் நிலை சிக்கலானது. பின்லாந்துக்கு வானூர்திகளை விற்ற அமெரிக்கா அவ்வாண்டு இறுதியில் சோவியத் ஒன்றியத்தின் போர்க்கூட்டாளியானது. சோவியத் படையெடுப்பை எதிர்ப்பதற்காக விற்கப்பட்ட வானூர்திகள் இப்போது அமெரிக்காவின் கூட்டாளியை எதிர்த்துப் பறந்தன. அமெரிக்கா பின்லாந்தின் மீது போர் அறிவிக்கவில்லை. எனினும் உதிரிப்பாகங்கள் வருவதற்கு வழியில்லாமல் போனது.

இதனால் ஒவ்வொரு வானூர்தியும் ஈடு செய்ய முடியாத உடைமையாயிற்று. விழுந்தவற்றிலிருந்து பாகங்கள் எடுக்கப்பட்டன. சைக்குளோன் பொறியிலிருந்தே வளர்ந்த சோவியத் எம்-63 பொறிகள் கைப்பற்றப்பட்ட பொருட்களிலிருந்து கிடைத்தன. அவற்றைப் பயன்படுத்தும் முயற்சியும் நடந்தது. அரசு வானூர்தித் தொழிற்சாலை புரூஸ்டரை ஒத்த 'ஹுமு' என்ற வானூர்தியை உள்நாட்டில் உருவாக்க முனைந்தது. உலோகம் கிடைக்காததால் அதன் சிறகு மரத்தால் செய்யப்பட்டது. எடை கூடியது, வேகம் குறைந்தது. 1944 ஆகஸ்ட் 8 அன்று ஒரே ஒரு ஹுமு பறந்தபோது அது காலத்தால் பின்தங்கியிருந்தது. திட்டம் அத்துடன் நின்றது.

பிற்காலம்

1943இல் சோவியத் தரப்பில் யாக், லா-5 முதலிய புதிய வானூர்திகள் பெருகின. விமானிகளின் பயிற்சியும் மேம்பட்டது. அவ்வாண்டு ஜெர்மனியிலிருந்து மெசர்ஷ்மிட் 109ஜி வானூர்திகள் வரத் தொடங்கின. யூத்திலைனன் உள்ளிட்ட தேர்ந்த விமானிகள் சிலர் அவற்றுக்கு மாறினர். 1944 வசந்தத்தில் 24ஆம் பிரிவும் மெசர்ஷ்மிட்டைப் பெற்றது. எஞ்சிய புரூஸ்டர்கள் 26ஆம் பிரிவுக்கு அளிக்கப்பட்டன.

1944 செப்டம்பரில் பின்லாந்து சோவியத் ஒன்றியத்துடன் போர்நிறுத்தம் செய்துகொண்டது. ஜெர்மானியப் படைகளை நாட்டிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. இதனால் எழுந்த லாப்லாந்துப் போரில், 1944 அக்டோபரில், புரூஸ்டர்கள் ஜெர்மானிய ஸ்டூக்கா குண்டுவீச்சு வானூர்திகளைத் தாக்கி வீழ்த்தின. இவ்வாறு ஒரே வானூர்தி சோவியத்தையும் ஜெர்மனியையும் அடுத்தடுத்து எதிர்த்தது.

போர் முடிந்தபோது எட்டு புரூஸ்டர்களே எஞ்சியிருந்தன. அவற்றின் கடைசிப் பறப்பு 1948 செப்டம்பர் 14 அன்று நடைபெற்றது. கிடங்கில் வைக்கப்பட்டிருந்தவை 1953இல் உடைக்கப்பட்டன.

எஞ்சிய வானூர்தி

1942 ஜூன் 25 அன்று லௌரி பெக்குரி ஓட்டிய பிடபிள்யூ-372 சண்டையில் சேதமடைந்து, சோவியத் கரேலியாவில் கோலெயார்வி ஏரியில் இறங்கி மூழ்கியது. பெக்குரி நீந்திக் கரையேறி, காட்டின் வழியே நடந்து தம் படையினரை அடைந்தார். 1944இல் மீண்டும் வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்ட அவர், போருக்குப் பின் விடுதலையாகி வான்படையில் தொடர்ந்தார். 1958இல் பின்லாந்து வானில் ஒலியின் வேகத்தை முதன்முதலில் தாண்டியவரும் இவரே. அவர் அன்று ஓட்டியது நாட் வகை வானூர்தி. இந்திய வான்படையும் அதே காலத்தில் வாங்கிப் பின்னர் பெங்களூருவில் தயாரித்த அதே வகை.

ஏரியடியில் கிடந்த பிடபிள்யூ-372, 1998இல் கண்டெடுக்கப்பட்டு வெளியே கொண்டுவரப்பட்டது. அமெரிக்காவின் பென்சகோலா நகரிலுள்ள கடற்படை வானூர்தி அருங்காட்சியகம் அதனைப் பெற்றது. 2008இல் அது பின்லாந்துக்குக் கடனாக அனுப்பப்பட்டு, டிக்ககோஸ்கியிலுள்ள வானூர்தி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. புதிதுபோல் வண்ணம் பூசப்படாமல், ஏரியிலிருந்து எடுத்த நிலையிலேயே அது பாதுகாக்கப்படுகிறது. ஒரே ஹுமு வானூர்தியும் அதே அருங்காட்சியகத்துக்கு உரியது. 500க்கும் மேற்பட்டுத் தயாரிக்கப்பட்ட புரூஸ்டர் சண்டை வானூர்திகளுள் ஏறக்குறைய முழுமையாக இன்று எஞ்சியிருப்பது பிடபிள்யூ-372 ஒன்றே.